ஜீப்பில் வந்த சாட்சி

சம்மனை யார் கையில் கொடுத்தனுப்புவது என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். எங்கள் மாடியில் குடியிருக்கும் துணை தாசில்தார் போன மாதம் ஒன்று கேட்டபோது அது நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் போலீஸ் மீது விசாரணை என்றால் சாட்சி சொல்வதை வீடியோவில் எடுத்துவிடுகிறார்களாம். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் நடந்துச்சு?" என்றார். பாதியைச் சொன்னேன். மீதியை முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். இதில் வரும் அக்காவும் தம்பியும் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாழ்க்கையில் பெரிய குறை கிடையாது. போடியில் சொந்த வீடு. காலையில் நாலு தெரு நடந்துவிட்டு வந்தால் காபி. பிள்ளைகள் நல்ல இடத்தில் இருக்கிறார்கள். முப்பத்து நாலு வருடம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தேன். பட்டா மாறுதலுக்கு வந்த ஒரு பெரியவர் எனக்காகத் தூக்கி வந்த பலாப்பழத்தின் எடை இன்னும் என் கைக்கு நினைவிருக்கிறது. வேலையை விரும்பித்தான் செய்தேன். ஒரு இடத்தில் மட்டும் செய்யக் கூடாததைச் செய்தேன்.

மதுரையில் பொருளாதாரம் எம்.ஏ. படித்தேன். கல்லூரி வேலை கிடைக்கவில்லை. தேர்வு எழுதி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கோப்புத் தைத்தேன், டைப் அடித்தேன், பழைய கடிதங்களைப் பார்த்துப் புதுக் கடிதம் எழுதக் கற்றேன். எழுபதுகளின் பிற்பகுதியில், எனக்கு முப்பத்தாறு வயதில், ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். கோட்டாட்சியரை நாங்கள் ஆர்.டி.ஓ. என்போம். போலீஸ் துப்பாக்கியால் சுட்டு ஒருவர் காயப்பட்டால், அது சரியா தவறா என்று போலீசே முடிவு செய்யக் கூடாது. ஆர்.டி.ஓ. தனியாக விசாரித்து கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த விசாரணைகளுக்குச் சம்மன் தயாரிப்பதும், வாக்குமூலம் எழுதுவதும், அறிக்கையை டைப் அடிப்பதும் என் மேஜையின் வேலை.

அந்தச் சமயம் எங்களுக்கு வந்த ஆர்.டி.ஓ. என்னைவிட எட்டு வயது இளையவர். நேரடித் தேர்வில் வந்தவர், வட மாவட்டத்துக்காரர். ஒல்லியாக, சட்டைக் கையை மடக்காமல், எல்லாரையும் 'நீங்க' என்று பேசுவார். ஆறு மாதத்தில் ஊர் அவரைச் சரிப்படுத்திவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர் விசாரிக்கும் முறையே வேறு. சாட்சி யாராக இருந்தாலும் நாற்காலியில் உட்கார வேண்டும். தோட்டக் கூலிகள் நுனியில் உட்காருவார்கள். "நல்லா சாஞ்சு உக்காருங்க" என்பார். அடுத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் விசாரணை நிற்கும், இட்லி வரும். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். சாட்சி ஒரு பதிலைச் சொல்லி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போக மாட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் சும்மா இருப்பார். அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க முடியாமல் சாட்சிகள் மிச்சத்தையும் சொல்லிவிடுவார்கள். கடைசியில் நான் எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ.

எங்கள் தலையாரி மொக்கராசு, கிராமங்களுக்குத் தாக்கீது கொண்டுபோகிறவர், இதை ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிளார்க்கய்யா, இந்த மனுசன் முன்னாடி எம்பொண்டாட்டிய உக்கார வைக்கணும். ஒரு நிமிசம் சும்மா இருக்குறது எப்படின்னு அவ பாக்கட்டும்."

வழக்கு இதுதான். குரங்கணிக்கு மேலே, இரண்டு மணி நேரம் நடந்தால் வரும் ஒரு ஏலக்காய்த் தோட்டம். அங்கே வீரணன் என்பவன் ஸ்டோரில் வேலை பார்த்தான். பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே அடுப்பில் விறகு எரித்து, இரும்புக் குழாய் வழியாகச் சூடு விட்டு உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். சூடு கூடினால் காயின் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். வீரணன் அதில் கைதேர்ந்தவன். சொந்த ஊர் சிலமலை. அவனும் மனைவியும் அவன் அக்கா பேச்சியம்மாளும் அந்தத் தோட்டத்திலேயே இருந்தார்கள்.

அந்த வருட மழையில் அவன் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. டோலி கட்டிக் கீழே இறக்கும்போது பாதி வழியிலேயே போய்விட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வீரணன் ஸ்டோருக்குள் போய்க் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தான். கூப்பிட்டவர்களிடம், "அவளுக்குக் குளிருது, செத்த நேரம் இருங்க" என்றான். கையில் விறகு பிளக்கும் அரிவாள் இருந்தது. தோட்டத்து முதலாளி கீழே ஆள் அனுப்பினார். மதியத்துக்கு முன் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் மூன்று காவலர்களும் ஏறி வந்தார்கள். எந்தக் காவல் நிலையம் என்பது இங்கே வேண்டாம்.

அவர்கள் வந்தபோது பேச்சியம்மாள் ஜன்னலில் நின்று தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தான். கஞ்சி கேட்டான். அவள் கஞ்சி எடுத்துவரக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் கதவை உடைத்துவிட்டார்கள். வீரணன் வாசலுக்கு வந்தான். சப் இன்ஸ்பெக்டர் சுட்டார். குண்டு தொடையைத் துளைத்தது.

கொலை முயற்சி என்று வீரணன்மேல் போலீஸ் வழக்குப் போட்டது. அவன் அரிவாளை ஓங்கினான், அதனால் சுட்டேன் என்றார் சப் இன்ஸ்பெக்டர். ஓங்கினானா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஓங்கினான் என்றால் அவனுக்குப் பல வருடச் சிறை. இல்லை என்றால் சுட்டது தவறு. வாசலுக்கு நேரே நின்று பார்த்தவர்கள் போலீசைத் தவிர இரண்டு பேர். ஒருவர் முதலாளி, போலீஸ் சொன்னதையே சொன்னவர். இன்னொருத்தி கஞ்சிச் சட்டியோடு ஓடிவந்த பேச்சியம்மாள்.

ஆர்.டி.ஓ. மலையேறி இடத்தைப் பார்த்தார். நானும் போனேன். பேச்சியம்மாள் அன்று மதுரையில் தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஸ்டோர் வாசலை அளக்கச் சொன்னார். சூடு வெளியே போகாமலிருக்க அந்த வாசல்களைத் தணிவாக வைப்பார்கள். நாலரை அடி. ரத்தக் கறை வாசற்படியின் மேலேயே இருந்தது. ஆர்.டி.ஓ. தானே உள்ளே போய்க் குனிந்து வெளியே வந்தார். மறுபடி ஒருமுறை போய் வந்தார்.

பிறகு போடி பயணியர் விடுதியில் சப் இன்ஸ்பெக்டரை விசாரித்தார். அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். பயந்துபோயிருந்தார்.

"நீங்க மேல போய்ச் சேந்தது எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணே கால் சார்."

"கதவை உடைச்சது?"

"பதினொண்ணரை."

"கால் மணி நேரத்துல என்ன அவசரம் வந்துச்சு?"

ஆர்.டி.ஓ. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் முடிவதற்குள் சப் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "மொதலாளி காய் கருகுது, காய் கருகுதுன்னு நின்னாரு சார்."

நான் அப்படியே எழுதினேன்.

அடுத்தது பேச்சியம்மாள். தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து சிறைக்கு மாற்றிய பிறகு அவள் தோட்டத்துக்கே திரும்பியிருந்தாள். ஆர்.டி.ஓ. என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "சம்மன் தலையாரி கையில போகணும். அவங்களை அவரே கூட்டிட்டு வரட்டும். ஸ்டேஷன் வழியா வேண்டாம்."

சரி என்றேன். சம்மனை டைப் அடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் சின்னமனூரில் மைத்துனன் கல்யாணம். இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு வந்து இழுப்பறையைத் திறந்தால் சம்மன் இருக்கிறது. விசாரணை நாளை. மொக்கராசு கிராமத்துக்குப் போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார். அந்த நேரம் பார்த்துத் தபால் வாங்க அந்த ஸ்டேஷன் ஏட்டு வந்தார். எனக்குப் பழக்கமானவர்.

"என்னண்ணே, மொகம் செத்துப் போச்சு. கல்யாண வீட்டுல பந்தி சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். "இதுக்குப் போயா" என்றார். "எங்க ஜீப்பு குரங்கணிக்குப் போகுது. ரெண்டு பயலுகளை மேல ஏத்திவிட்டா வெரசாக் கூட்டியாந்துருவாங்க. கொண்டாங்க."

கொடுத்தேன். எந்த ஸ்டேஷன்மேல் விசாரணையோ அதே ஸ்டேஷன் கையில், அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவளின் சம்மனைக் கொடுத்தேன். சார்வு செய்த, அதாவது சம்மனை உரியவரிடம் சேர்த்த, விவரம் எழுதும் இடத்தில் 'தலையாரி மூலம்' என்று என் கையாலேயே எழுதினேன். எங்கள் அலுவலகங்களில் அவசரத்துக்குப் பலரும் இப்படிச் செய்ததுண்டு. வரி பாக்கிக்கும் நில எல்லைக்கும் போகும் சம்மன் என்றால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்தப் பழக்கத்தில் இதையும் செய்தேன். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று எனக்கு வாயால் சொல்லப்பட்டிருந்தது.

மறுநாள் விடுதி வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. முன்னால் ஏட்டு, பின்னால் இரண்டு காவலர்களுக்கு நடுவில் பேச்சியம்மாள். நாற்பது வயதிருக்கும். ஆர்.டி.ஓ. உள்ளே இருந்தார், பார்க்கவில்லை. ஜீப்பைச் சந்து திரும்பி நிறுத்தச் சொல்லி நான்தான் சைகை காட்டினேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டேன் என்றாள். ஆர்.டி.ஓ. கேட்டார்: "உங்களை யாரும்மா கூட்டிட்டு வந்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "தலையாரி மூலமா சார்வு ஆயிருச்சு சார்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கேட்டதற்கெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். தம்பி அரிவாளை ஓங்கினான். வெட்டுவேன் என்று கத்தினான். சார் பயந்துதான் சுட்டார். ஒரு நிமிட மௌனத்திலும் அவள் அசையவில்லை. வாசித்துக் காட்டினேன். கைநாட்டு வைத்தாள்.

அன்று மாலை ஆர்.டி.ஓ. என்னிடம் கேட்டார். "அந்த வாசல்ல குனியாம வெளிய வர முடியாது. குனிஞ்சு வர்றவன் எப்படிங்க ஓங்குவான்?"

அதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம். நான் சொன்னது: "வெளிய வந்து நிமிந்து ஓங்கியிருக்கலாம் சார். கூடப் பொறந்தவளே சொல்றாளே."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். கூடப் பிறந்தவளின் வார்த்தை பெரிதாக இருந்தது. அறிக்கையில், போலீஸ் அவசரப்பட்டது தவறு, ஆனாலும் சுட்டது தற்காப்புக்காக என்று எழுதினார். முக்கிய சாட்சி போலீஸ் தொடர்பில்லாமல் வருவாய்த் துறை வழியே வரவழைக்கப்பட்டார் என்று அதில் ஒரு வரி உண்டு. அதையும் நானே டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கலெக்டர் அலுவலகத்துக்குத் தபால் கொண்டுபோக ஒருநாள் காலை ரயிலில் மதுரைக்குப் போனேன். பெட்டியில் கூட்டம். கதவோரம் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அன்னைக்கி எழுதுன சார்தானே?"

"ஆமாம்மா. எங்க போறீங்க?"

"செயிலுக்குத்தான் சார். வாரம் ஒருக்கா. காலு இன்னும் சீழ் வடியுதாம். நானே கேக்கணும்னு இருந்தேன். அவனை எப்ப விடுவீக?"

"எதுக்கும்மா விடுவாங்க?"

அவளுக்குப் புரியவில்லை. "நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேனே சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஜீப்புல ஏட்டையா சொன்னாரே. ஓங்குனான்னு சொன்னாத்தான் புத்தி சரியில்லைன்னு எழுதி வெளிய விடுவாகளாம். இல்லாட்டி தூக்குன்னாரு. நான் மொதல்ல நம்பல. உங்க ஆபீசு காயிதத்தைக் காட்டுனாரு, முத்திரையெல்லாம் இருந்துச்சு. பெரிய சார் கேட்டப்பக்கூட நீங்க தலையாரின்னு சொன்னீகல்ல. சரி, எல்லாரும் பேசித்தான் வச்சிருக்காக, நம்ம தம்பிக்கு நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்."

"உண்மையில என்னம்மா பாத்தீங்க?"

"குனிஞ்சு வந்தான் சார். அருவா தொங்குச்சு. பொகையில கண்ணைத் தொடச்சுக்கிட்டே வந்தான். 'கஞ்சி கொண்டாந்துட்டியாக்கா'ன்னான்." தூக்குவாளியை இறுக்கிக்கொண்டாள். "எப்ப விடுவீக சார்?"

"பாப்போம்மா" என்றேன்.

உடனே திரும்பிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மதுரையில் தபாலைக் கொடுத்தேன், டிபன் சாப்பிட்டேன், மனைவிக்குப் பூ வாங்கினேன். நாலு நாள் அலுவலகம் போய் வந்தேன். எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் சிறையில் அடுத்த முறை தம்பியைப் பார்க்கும் நாள் நெருங்க நெருங்கத்தான் எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. 'சாரைப் பாத்தேன், பாப்போம்னாரு' என்று அவள் அவனிடம் சொல்வாள் என்பது மட்டும் மனதில் நின்றது. ஐந்தாம் நாள் காலை ஆர்.டி.ஓ. அறைக்குப் போனேன்.

நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "உக்காருங்க" என்றார். நுனியில் உட்கார்ந்தேன். "சாஞ்சு உக்காருங்க." உட்கார்ந்தேன். "சாப்பிட்டீங்களா?"

"இல்லை சார்."

இட்லி வரவழைத்தார். அவர் முன்னாலேயே சாப்பிட்டேன். பிறகு கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்துத் தானே எழுதத் தயாரானார். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்த ஒரு நிமிடம். கல்யாணம், இழுப்பறை, ஏட்டு, சந்து திரும்பிய ஜீப், எல்லாம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் பேசாமல் இருந்தார். "வாசலைப் பத்தி நீங்க கேட்டப்ப, வேணும்னேதான் சார் அப்படிச் சொன்னேன்" என்றேன். அதையும் எழுதினார். எனக்கு வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "எங்கிட்ட கேட்டிருந்தா விசாரணையை ஒரு நாள் தள்ளி வச்சிருப்பேனே" என்றார். அவ்வளவுதான்.

அனுப்பிய அறிக்கையைத் தவறு என்று சொல்லி மறுபடி விசாரிப்பது எந்த அதிகாரிக்கும் இனிப்பான வேலையில்லை. போலீஸ் தரப்பு கொதித்தது. கலெக்டர் அவரைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினார் என்று பிறகு தெரிந்தது. அவர் மொக்கராசுவை மட்டும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். ஸ்டோர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுப் பேச்சியம்மாளை உட்கார வைத்து மறுபடி கேட்டார். அவர் எழுதியதைத்தான் நான் டைப் அடித்தேன். "அந்தம்மா அழுகல, கிளார்க்கய்யா" என்றார் மொக்கராசு. அன்று அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. "உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிச்சாரு. கேட்டுட்டு, உள்ளதை அப்படியே சொல்லுச்சு."

வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். வீரணன் வெளியே வரும்போது மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சரியாக வைத்தியம் பார்க்காத அந்தக் கால் கடைசிவரை மடங்கவில்லை. சப் இன்ஸ்பெக்டருக்கும் ஏட்டுக்கும் துறைத் தண்டனை. எனக்குக் கண்டனம், பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போயிற்று. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அதற்குப் பிறகு ஒரு சம்மன்கூட என் மேஜையில் இரவு தங்கியதில்லை. அந்த ஆர்.டி.ஓ. மாற்றலாகிப் போகும்போது எல்லாருக்கும் கை கொடுத்தது போலவே எனக்கும் கை கொடுத்தார். கதை இங்கே முடிந்திருந்தால் இந்த ஆயுளில் எனக்கு ஒரு பாரமும் இருந்திருக்காது.

எண்பதுகளின் நடுவில் நான் தாசில்தார். ஒரு மதியம் பேச்சியம்மாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

"தம்பி எப்படிம்மா இருக்கான்?"

"நல்லாருக்கான்யா. சிலமலையிலதான் இருக்கோம். டீக்கடை வச்சிருக்கான். ரெண்டாந்தாரமா ஒரு பிள்ளையக் கட்டி வச்சேன். மகன் பொறந்திருக்கான். இப்பச் சிரிச்சுப் பேசுறான்."

கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்கு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"நான் மொதல்ல கைநாட்டு வச்சேனே, அந்தக் காயிதம் இன்னும் இருக்காய்யா?"

"இருக்கும்மா. கோப்புல இருக்கும்."

"அதைக் கிழிச்சுப் போட்டுற முடியுமா?"

"அதெல்லாம் முடியாதும்மா. ஏன்?"

"அவனுக்குத் தெரியாதுய்யா. பெரிய சாரு மலைக்கு வந்து கேட்டதும் நான் உள்ளதைச் சொன்னதும்தான் தெரியும். எங்க அக்கா சொல்லித்தான் வெளிய வந்தேன்னு கடைக்கு வர்றவுககிட்டயெல்லாம் சொல்லுறான். அதுக்கு முந்தி ஒண்ணு சொன்னேன்னு யாரும் சொல்லல. இப்பக் கடைக்கு ஒரு வக்கீலு வந்து போறாரு. நட்ட ஈடு கேக்கலாம், பழைய காயிதத்தையெல்லாம் எடுக்கலாம்ங்கிறாரு. இவன் வேணாம்னுதான் சொல்லியிருக்கான். என்னைக்காவது சரின்னுட்டா?"

"பேச்சியம்மா, அது உங்க குத்தம் இல்ல. காயிதத்தை ஜீப்புல அனுப்புனது நான். பொய் சொன்னது நான். வீரணன்கிட்ட நானே வந்து சொல்றேன்."

"வேணாம்யா." அவசரமாகக் கையை ஆட்டினாள். "நீங்க அனுப்புனது தெரியும். பெரிய சாரு அன்னைக்கே சொல்லிட்டாரு. ஆனா கைநாட்டு என்னோடதுல்ல. அவன் அதைத்தானே பாப்பான்?"

அந்தக் கோப்பில் என் வாக்குமூலம் இருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது, எனக்குக் கொடுத்த தண்டனை இருக்கிறது. அதனால் என் கணக்கு முடிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். இவள் மட்டும் ஒவ்வொரு நாளும் தம்பி சிரிப்பதைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

அவள் எழுந்தாள். "கிழிக்க முடியாதுன்னா போகுது. அவன் வந்து கேட்டாக் குடுத்துராதீக. அது ஒண்ணு மட்டும் செய்ங்கய்யா."

வழக்கில் சம்பந்தப்பட்டவன் விண்ணப்பம் போட்டால் நகல் கொடுத்தாக வேண்டும். அந்தக் கோப்பு என் அலுவலகத்திலும் இல்லை, அது என் அதிகாரத்துக்கு மேலே இருந்தது. கொடுக்காமல் தடுக்க எனக்கு எந்த வழியும் கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"குடுக்க மாட்டேன்மா" என்றேன். "நீங்க நிம்மதியாப் போங்க."